நழுவிய சிறுநீரகம்: ஒரு வலியின் வரலாறு

கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டினாற்போல ஒரு வலி. சில நாள் மந்தமாக இழுக்கும், சில நாள் சுருட்டிப் போடும். சிறுநீரகத்தில் கல் என்றால் ஸ்கேனில் தெரிந்துவிடும். கிருமித்தொற்று என்றால் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும். கல்லும் இல்லை, சீழும் இல்லை, கட்டியும் இல்லை, ஆனால் வலி மட்டும் இருக்கிறது என்றால்?

இன்றைக்கும் டாக்டர்கள் தலையைச் சொறிகிற கேள்வி இது. ஆனால் சுமாராக 1880 முதல் 1920கள் வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு ஒரு தயாரான பதில் இருந்தது. "உங்கள் சிறுநீரகம் இடத்தைவிட்டு நழுவிவிட்டது." பதிலோடு சிகிச்சையும் தயாராக இருந்தது: முதுகைத் திறந்து, நழுவிய சிறுநீரகத்தை மேலே தூக்கி, தசையோடு சேர்த்துத் தைத்துவிடுவது. பல்லாயிரம் பேர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், இந்த அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அந்த நோயே பாடப்புத்தகங்களில் ஓர் ஓரத்துக்குப் போய்விட்டது. வலி மட்டும் எங்கும் போகவில்லை.

சிறுநீரகம் என்பது (நம் ஊர்ப்பக்கம் குண்டிக்காய் என்பார்கள்) வயிற்றுக்குள் குடலோடு கிடக்கும் உறுப்பு கிடையாது. வயிற்றறைக்குப் பின்னால், முதுகுத் தசைகளுக்கு முன்னால், கொழுப்பு மெத்தையில் பதிந்து இருப்பது. எலும்போடு அதைக் கட்டி வைத்திருக்கும் உறுதியான கயிறு எதுவும் இல்லை. கொழுப்பும் சவ்வுகளும் இரத்தக் குழாய்களும் சுற்றியுள்ள உறுப்புகளின் அழுத்தமும்தான் பிடிமானம். மூச்சை இழுத்தால் கொஞ்சம் இறங்கும், விட்டால் ஏறும். எழுந்து நின்றாலும் கொஞ்சம் இறங்கும். இது எல்லோருக்கும் நடப்பது. வலப்பக்கத்துச் சிறுநீரகம், மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால், இடப்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்.

இன்னொரு விஷயம். சிறுநீரகத்தின் உட்சதைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறை விரிந்தாலோ, உள்ளே சிறுநீர் சேரும் புனல் போன்ற பகுதியும் அதிலிருந்து இறங்கும் குழாயும் உப்பினாலோதான் வலிக்கும். அந்த வலியைச் சுமக்கும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் இடத்தில்தான் முதுகுத்தோல், குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றின் செய்திகளும் வந்து சேருகின்றன. அதனால் மூளைக்கு முகவரி குழம்பிவிடும். கீழ் விலா எலும்பின் முனையிலிருக்கும் நரம்பு நசுங்கினாலும் சிறுநீரக வலி மாதிரியே இருக்கும். அக்கி வருவதற்கு முன்பு, தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாத நாட்களில், அதே இடத்தில் அதே மாதிரி வலிக்கலாம்.

இதையெல்லாம் உடம்பைத் திறக்காமல் பிரித்துப் பார்க்க 19ஆம் நூற்றாண்டு டாக்டரிடம் என்ன இருந்தது? சிறுநீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கலாம். கொதிக்க வைத்துப் புரதம் திரிகிறதா என்று சோதிக்கலாம். மைக்ராஸ்கோப்பில் இரத்த அணுக்களைத் தேடலாம். மற்றபடி இருந்தது அவருடைய இரண்டு கைகள்.

அந்தக் கைகளுக்குத்தான் நழுவும் சிறுநீரகம் தட்டுப்பட்டது. நோயாளியைப் படுக்கவைத்து, ஒரு கையை இடுப்புக்கு மேலே முதுகுப்புறம் கொடுத்துத் தூக்கி, மறு கையால் முன்பக்கம் அழுத்தி, ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னால், சிலருக்கு வழுவழுப்பான ஏதோ ஒன்று விரல்களுக்கு நடுவே இறங்கி வந்து, மூச்சை விட்டதும் நழுவி மேலே போகும். பாரீஸ் மருத்துவர் பியர் ரேயே 1839 முதல் 1841 வரை வெளியிட்ட சிறுநீரக நோய்கள் பற்றிய பெரிய நூலிலேயே இப்படி நகரும் சிறுநீரகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அப்போது அது ஓர் அபூர்வம், அவ்வளவுதான்.

அதை ஒரு வலியோடு முடிச்சுப் போட்டவர் போலந்துக்காரரான யூசெஃப் டீட்ல். கிராகோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர், பின்னாளில் 1866 முதல் 1874 வரை அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். 1864இல் வியன்னா மருத்துவ வார இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நகரும் சிறுநீரகம் உள்ள சிலருக்குத் திடீரென்று விலாவில் கடும் வலி, குமட்டல், வாந்தி, நடுக்கம் எல்லாம் சேர்ந்து வருகின்றன என்பது அவர் கவனித்தது. அலையும் சிறுநீரகம் எங்கோ சிக்கிக்கொள்வதாக அவர் நினைத்தார். சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்துக்கொள்வதாலோ, இரத்தக் குழாய் முறுக்கிக்கொள்வதாலோ வருவது என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். "டீட்ல் நெருக்கடி" என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது.

இந்த டீட்ல் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1849இல் வியன்னாவில் இருந்தபோது நிமோனியா நோயாளிகளை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி இரத்தம் வடித்துச் சிகிச்சை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேர் இறந்தார்கள். உணவும் ஓய்வும் மட்டும் கொடுத்துச் சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேர்தான் இறந்தார்கள். அதாவது, டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலே நோயாளிக்கு நல்லது என்று எண்களால் காட்டியவர். அப்படிப்பட்டவரின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அத்தனை கத்திகள் எடுக்கப்பட்டன. வரலாற்றுக்கு இந்த மாதிரிக் குசும்பு உண்டு.

கத்திக்கு வழி திறந்தது இன்னொரு சம்பவம். 1869இல் ஹைடல்பர்கில் குஸ்டாவ் சைமன் ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றி, மீதி ஒன்றை வைத்துக்கொண்டே மனிதர் பிழைக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முன் நாய்களில் செய்து பார்த்திருந்தார். அவருடைய நோயாளிக்கு இருந்தது வேறு பிரச்சினை, சிறுநீர்க் குழாயில் ஏற்பட்ட புரை. ஆனால் வழி திறந்ததும், 1870களின் இறுதியில் ஜெர்மனியில் சிலர் நழுவும் சிறுநீரகத்தை முழுதாகவே எடுத்துவிடத் தொடங்கினார்கள். எந்தச் சேதமும் இல்லாத, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த சிறுநீரகங்கள் அவை.

இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் பெர்லினில் யூகன் ஹான் 1881இல் வேறு வழி சொன்னார். எடுக்க வேண்டாம், தைத்து நிறுத்திவிடலாம். முதலில் சுற்றியிருந்த கொழுப்பு உறையைத் தசையோடு தைத்தார். அது பிடிப்பாக நிற்கவில்லை என்றதும் சிறுநீரகத்தின் சொந்த உறையையே தைத்தார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு முறை. விலா எலும்பில் கட்டுவது, உறையை உரித்து மடித்துத் தைப்பது, தழும்பு உண்டாகட்டும் என்று பஞ்சுத்துணி திணிப்பது... இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் மருத்துவ ஏடுகளில் வந்தன. ஒரே வேலைக்கு இத்தனை முறைகள் இருந்தால், ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்து நோய் வீங்கத் தொடங்கியது. 1885இல் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் கிளெனார், சிறுநீரகம் மட்டுமல்ல, குடல், இரைப்பை எல்லாமே சரிந்து தொங்குவதுதான் பல நோய்களுக்கு மூலம் என்றார். அஜீரணம், சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு, 'நரம்புத் தளர்ச்சி' எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கின. வயிற்றைத் தூக்கிக் கட்டும் பட்டைகள் விற்பனைக்கு வந்தன. பர்மிங்காம் மருத்துவர் சக்ளிங் 1905இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே போதும்: நகரும் சிறுநீரகம் பைத்தியத்துக்கும், தலைவலிக்கும், நரம்புத் தளர்ச்சிக்கும், தூக்கமின்மைக்கும் காரணம் என்று தலைப்பிலேயே வரிசையாக அடுக்கியிருந்தார். விலாவில் வலி என்று ஆரம்பித்த கதை மனநோய் வரை வந்துவிட்டது.

யாருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது? பெரும்பாலும் ஒல்லியான, இளம் வயதுப் பெண்களுக்கு, அதிலும் வலப்பக்கத்தில். காரணமாகச் சொல்லப்பட்டவை: இடுப்பை இறுக்கும் கார்செட், அடுத்தடுத்த பிரசவங்கள், திடீரென்று உடம்பு இளைத்துப்போய்ச் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு கரைவது. கடைசிக் காரணத்தில் ஓரளவு உண்மை உண்டு. அதனால் வசதியுள்ள வீட்டுப் பெண்களைப் பல வாரங்கள் படுக்கையில் போட்டு, பாலும் வெண்ணெயுமாக ஊட்டி எடை கூட்டினார்கள். அதில் சரியாகவில்லை என்றால் பட்டை. பட்டையிலும் சரியாகவில்லை என்றால் அறுவை.

ஒல்லியான பெண்களிடம் ஏன் அதிகம் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு இன்னொரு எளிய பதிலும் இருக்கிறது. ஒல்லியானவர்களின் வயிற்றில்தான் டாக்டரின் விரலுக்குச் சிறுநீரகம் எளிதாக எட்டும். பருத்த ஆணின் வயிற்றில் சிறுநீரகம் நகர்ந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? தேடிய இடத்தில் கிடைத்தது, கிடைத்த இடத்திலேயே மறுபடி தேடினார்கள்.

இதைப் படிக்கும்போது அந்தக் கால டாக்டர்கள் எல்லாம் முட்டாள்கள் அல்லது காசு பிடுங்கிகள் என்று முடிவு கட்டத் தோன்றும். அது நியாயமாக இருக்காது. அவர்கள் முன்னால் நிஜமான வலியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் விரலுக்கடியில் நிஜமாகவே ஏதோ ஒன்று நகர்ந்தது. தைத்த பிறகு பலரும் நிஜமாகவே வலி குறைந்ததாகச் சொன்னார்கள். இந்த மூன்றுமே உண்மை. மூன்றுக்கும் நடுவில் இருந்ததாக நினைத்த தொடர்பில்தான் கோளாறு.

அறுவைக்குப் பின் ஏன் வலி குறைந்தது? பல வாரங்கள் படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை, "உன் நோய்க்குப் பெயர் இருக்கிறது, சரிசெய்துவிட்டோம்" என்று ஒரு பெரிய டாக்டர் சொன்ன வார்த்தை. இவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க அன்று யாரும் முயலவில்லை. அதே காலத்தில் கல் இருக்கும் என்று நம்பிச் சிறுநீரகத்தைத் திறந்து, கல் எதுவும் கிடைக்காமல், அப்படியே மூடித் தைத்த சம்பவங்களும் உண்டு. அதில் சிலர் வலி போய்விட்டது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்! அந்தத் தகவல் மருத்துவ ஏடுகளிலேயே பதிவாகியிருந்தது. எச்சரிக்கை மணி அடித்தது, காதில் விழவில்லை.

இதற்கு நடுவே கருவிகள் வந்துகொண்டிருந்தன. 1870களின் இறுதியில் மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானியர் சிறுநீர்ப்பைக்குள் வெளிச்சத்தோடு எட்டிப்பார்க்கும் குழாயை உருவாக்கினார். 1895இல் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார், அடுத்த ஆண்டே கிளாஸ்கோவில் ஜான் மக்கின்டயர் உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்துக் காட்டினார். ஆனால் யூரிக் அமிலக் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்பதும் வெறும் நிழல்போலத்தான் தெரியும்.

இந்த வரிசையில் எல்லோரையும்விடக் கவனிக்க வேண்டியவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த ஹவர்ட் கெல்லி. மகளிர் நோய் மருத்துவர். அவர் செய்த ஒரு காரியம் ரொம்ப எளிமையானது: மெல்லிய குழாயின் நுனியில் மெழுகைத் தடவி, சிறுநீர்ப்பை வழியாகச் சிறுநீரகம் வரை ஏற்றி, வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. மெழுகில் கீறல் இருந்தால் உள்ளே கல் இருக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது. அதே குழாய் வழியாகச் சிறுநீரகத்துக்குள் திரவத்தை மெதுவாகச் செலுத்துவார். உள்ளே விரிந்து வலி எடுக்கும். அப்போது நோயாளியைக் கேட்பார்: "உங்களுக்கு வழக்கமாக வரும் வலி இதுதானா?" ஆமாம் என்றால் வலியின் இடம் சிறுநீரகம். இல்லை, அது வேறு இடம், வேறு மாதிரி என்றால் சிறுநீரகத்தை விட்டுவிட்டு வேறெங்காவது தேட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அதுவரை டாக்டரின் விரலுக்குத் தட்டுப்பட்டதுதான் சாட்சி. கெல்லியின் சோதனையில் சாட்சி சொல்வது நோயாளி. எந்த வலி தன் வலி என்று அவளுக்குத்தான் தெரியும். கூசவைக்கும், வேதனையான சோதனைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு நகரும் சிறுநீரகத்துக்கும் ஒரு வலிக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை நேராகக் கேட்டது அதுதான். கெல்லியே சிறுநீரகம் தைக்கும் அறுவையைச் செய்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தைப்பதற்கு முன் கேட்க ஒரு கேள்வி அவரிடம் இருந்தது.

1906இல் ஃபோல்க்கரும் லிஷ்டன்பர்கும் வெள்ளி கலந்த திரவத்தை அதே வழியில் ஏற்றி, சிறுநீரகத்தின் உட்புறத்தை எக்ஸ்ரேயில் தெரியவைத்தார்கள். பிறகு 1929. மாட்டு மடியில் வரும் தொற்றுக்காக பெர்லினில் தயாரிக்கப்பட்ட அயோடின் கலந்த மருந்து ஒன்று சிறுநீரில் வெளியேறுவதை, ஜெர்மனிக்குப் படிக்க வந்திருந்த மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க டாக்டர் கவனித்தார். அதன் வழிவந்த மருந்தை இரத்த நாளத்தில் ஊசியாகப் போட்டால், சிறுநீரகமே அதை வடிகட்டித் தன்னைத்தானே படத்தில் காட்டிக்கொடுத்தது. பெருமையைப் பெரும்பகுதி மூத்தவரான லிஷ்டன்பர்க் எடுத்துக்கொண்டார், ஸ்விக்குக்கு உரிய அங்கீகாரம் 1960களில்தான் வந்தது. அது தனிக்கதை.

நழுவும் சிறுநீரகத்தின் கதையை முடித்தது இந்தப் படங்கள்தான். படுத்தபடி ஒன்று, நின்றபடி ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துவிடலாம். அளந்து பார்த்தபோது, வலியே இல்லாத பெண்களிடமும் சிறுநீரகம் தாராளமாக இறங்கியது. ஒல்லியான பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை இப்படி இருக்கலாம் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. எழும்போது 5 சென்டிமீட்டருக்கு மேல், அல்லது இரண்டு முதுகெலும்புக் கணு அளவுக்கு மேல் இறங்கினால்தான் 'நழுவல்' என்று எல்லை வகுத்தார்கள். தைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு வலி திரும்பி வந்ததும், சிலருக்குப் புதிதாக வேறு வலிகள் சேர்ந்ததும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. அறுவைச் சிகிச்சை பெயர் கெட்டு, கேலிக்குரியதாகி, மெல்ல மறைந்தது.

அந்தப் பெண்களின் வலி? முன்பு எல்லா விலா வலிக்கும் சிறுநீரக நழுவல் என்று பெயர் வைத்தவர்கள், இப்போது எந்த விலா வலிக்கும் அந்தப் பெயரை வைக்கக் கூசினார்கள். வேறு பெயரும் கைவசம் இல்லாததால், 'மனக்கோளாறு' என்ற பழைய முத்திரை திரும்பி வந்தது. சிறுநீரகம் நழுவுவதால்தான் மனம் கெடுகிறது என்றவர்களின் இடத்தில், மனம் கெட்டதால்தான் சிறுநீரகம் வலிக்கிறது என்பவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

1967இல் லண்டன் மருத்துவர்கள் விலா வலியும் சிறுநீரில் இரத்தமும் சேர்ந்து வரும் இளம் பெண்கள் சிலரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். கல் இல்லை, கட்டி இல்லை, காரணம் தெரியவில்லை. 'விலாவலி இரத்தச்சிறுநீர்க் கூட்டறிகுறி' என்று பெயர் மட்டும் வைக்கப்பட்டது. அதற்கும் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள், சிறுநீரகத்தை எடுத்து அதே ஆளின் உடம்பில் வேறிடத்தில் பொருத்தியும் பார்த்தார்கள். சிலருக்கு நிம்மதி கிடைத்தது, சிலருக்குப் புது இடத்திலும் வலி தொடர்ந்தது. மருந்துக்காக நடிக்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் இந்த நோயாளிகள் பலர் சுமக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம், டீட்ல் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நின்றால் சிறுநீரகம் இறங்கி, குழாய் மடங்கியோ இரத்த ஓட்டம் குறைந்தோ உண்மையிலேயே வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 1990களில் சிறு துளைகள் வழியாகக் குழாய்க் கருவிகளை நுழைத்துச் செய்யும் முறையில் அதே தையல் மறுபடி உயிர்பெற்றது. இம்முறை கொஞ்சம் எச்சரிக்கையோடு. நின்றால் வலி வந்து படுத்தால் போக வேண்டும், இரண்டு நிலையிலும் எடுத்த படங்களில் இறக்கம் தெரிய வேண்டும், நின்ற நிலையில் அடைப்போ இரத்த ஓட்டக் குறைவோ சோதனையில் நிரூபணமாக வேண்டும், அப்புறம்தான் அறுவை.

இதில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இன்று விலா வலிக்கு முதலில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனைப் படுத்த நிலையில்தான் எடுக்கிறார்கள். கல்லைக் காட்டுவதில் அதற்கு இணையே கிடையாது. ஆனால் படுத்தவுடன் சிறுநீரகம் சமர்த்தாகத் தன் இடத்துக்குப் போய்விடும், வலியும் அடங்கிவிடும், அறிக்கையில் 'இயல்பு' என்று வரும். "நின்றால்தான் டாக்டர் வலிக்கிறது" என்று நோயாளி சொன்ன அந்த ஒரு வரியைக் குறித்துக்கொண்ட டாக்டர்தான் நின்ற நிலையிலும் ஒரு படம் எடுக்கச் சொல்லி எழுதுவார்.